‘ஸா’ வரும்போது மட்டும் காது கூசுகிறது

பாட்டுச் சொல்லிக்கொடுப்பவளுக்கு ஸ்பீக்கரில் ‘ஸ’ சீறத் தொடங்கினால் தப்பி ஓட வழியில்லை. சரளி வரிசையின் முதல் எழுத்தே அதுதான். கீர்த்தனையின் சாகித்தியத்தில் எப்படியும் நாலைந்து இடத்தில் வரும். கல்பனாஸ்வரம் என்றால் கேட்கவே வேண்டாம். மேல் ஸட்ஜத்தை, அதாவது உச்ச ‘ஸா’வை, தொட்டுத் தொட்டுத் திரும்பும். எங்கள் வீட்டு ஸ்டீரியோவில் அந்தத் தொடும் இடங்கள் எல்லாம் சில மாதங்களாகக் காதைக் குத்திக்கொண்டிருந்தன. இப்போது இல்லை. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனார் அதே தொல்லைக்காகக் கொழும்பிலிருந்து விலை உயர்ந்த ஸ்பீக்கர் வயர் வரவழைக்கப் போவதாகச் சொன்னார். அவருடைய காசைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன்.

செட்டைப் பற்றி முதலில் இரண்டு வரி. அண்ணா கனடாவிலிருந்து கப்பலில் அனுப்பிய அம்பிளிபயரும் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களும். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ஆகவே இடையில் ஒரு மின்மாற்றி மூலையில் இருந்து முனகிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் அடி ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர் ஒன்று, உச்ச ஒலிக்கு 25 மில்லிமீற்றர் பட்டுக் குமிழ் ட்வீட்டர் ஒன்று. திருகோணமலை உவர்மலையில் எங்கள் முன்கூடத்தில்தான் வகுப்பும் நடக்கும், கேட்பதும் நடக்கும்.

அண்ணாவின் மகன், என் மருமகன், விடுமுறைக்கு வந்து ஒரு பாட்டைக் கேட்ட உடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான். “மாமி, ட்வீட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும்.” இளைஞர்களுக்கு எதையும் மாற்றினால்தான் நிம்மதி. ஆனால் ‘ட்ரெபிள் அதிகம்’ என்று நாம் பொதுவாகச் சொல்லும் முறைப்பாட்டுக்குள் வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன; எது என்று தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது.

ச, ஸ, ஷ ஆகியவற்றின் சீறல் பெரும்பாலும் 5,000 முதல் 9,000 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களில் (அதிர்வெண்களில்) இருக்கிறது. பெண் குரலில் சற்று மேலே, ஆண் குரலில் சற்றுக் கீழே. காதைக் குத்தும் கூர்மை என்பது வேறு. அது 2,000க்கும் 4,000க்கும் நடுவே குடியிருக்கிறது. காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்ரிமீற்றர் நீளமான, ஒரு பக்கம் மூடிய குழாய். அது 3,000 ஹேர்ட்ஸை அண்டிய ஒலிக்குத் தானே ஒத்ததிர்ந்து கொடுக்கும். அந்த இடத்தில் சிறிது கூடினாலும் நமக்குப் பெரிதாகத் தெரிவது அதனால்தான். இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், இவர்தான், இதைக் கரும்பலகை இல்லாமலே எனக்கு விளங்கப்படுத்தினார்.

இரண்டையும் பிரித்தறிய எனக்கு நாதஸ்வரம்தான் கைகொடுத்தது. அதில் ‘ஸ’ என்ற உச்சரிப்பே கிடையாது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலோடு வரும் ஒரு பழைய ஒலிப்பதிவைப் போட்டேன். நாதஸ்வரம் முகத்தைச் சுளிக்க வைக்கவில்லை. தவிலின் வலந்தலைச் சொற்கள் கூர்மையாக, ஆனால் சுத்தமாக விழுந்தன. அடுத்துக் குரலிசை போட்டதும் சீறல் தொடங்கியது. ஆகவே எங்கள் நோய் முக்கியமாக மேல் பகுதியில். நாதஸ்வரமே உங்கள் வீட்டில் பல்லைக் கூசவைக்கிறது என்றால், கீழே நான் சொல்வதில் பாதி உங்களுக்கு வேறுவிதமாகப் பொருந்தும்.

அடுத்த பரிசோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு மனிதக் குரல் போதும். என் மூத்த மாணவியை இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில், அவற்றின் உயரத்துக்கு வாய் வரும்படி அமரவைத்து, ஸட்ஜத்தை நீட்டாமல் வெட்டி வெட்டிப் பாடச் சொன்னேன். நான் வழக்கமாகக் கேட்கும் கதிரையில் இருந்தேன். “ரீச்சர், என்ன பிழை விட்டேன்?” என்று அவள் பாவம் பயந்துவிட்டாள். அவளுடைய ‘ஸா’வில் சற்றுக் கூர்மை இருந்தது, ஆனால் குத்தவில்லை. அந்தச் சற்று என்பது கூடத்தின் பங்கு. மீதி முழுவதும் செட்டினதும் ஒலிப்பதிவினதும் பங்கு. இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது. ஒரு நிபந்தனை: பாடுகிறவர் ஒலிவாங்கி இல்லாமல் பாட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பாவிக்கும் ஒலிவாங்கிகள் பல 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பவை; அதிலும் பாடகரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வைத்தால், கச்சேரி மேடையிலிருந்து பத்தடி தள்ளி அமர்ந்திருப்பவர் ஒருநாளும் கேட்காத சீறல் பதிவாகிவிடும்.

எங்கள் அப்பா தலைமுறைக்கு இந்தத் தொல்லையே இருக்கவில்லை என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். மத்திய அலையில் அலைவரிசைகளுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளிதான். ஒலிக்கு அதில் பாதி, நாலரைக்கு மேல் போகாது. ‘ஸ’வின் சீறல் குடியிருக்கும் தெருவே அடைக்கப்பட்டிருந்தது. திருகோணமலையில் ஜெர்மன் வானொலியின் அஞ்சல் (மறு ஒலிபரப்பு) நிலையம் இயங்கிய காலத்தில் சிற்றலை கேட்டவர்களுக்கும் அப்படித்தான். ‘ஸ’வா ‘ஃப’வா என்று சந்தர்ப்பத்தைக் கொண்டு ஊகிக்க வேண்டியிருந்ததே தவிர, காது கூசவில்லை. பண்பலை 15,000 ஹேர்ட்ஸ் வரை கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் செய்தி வாசிப்பவரின் பல்லிடுக்குக்கூட வீட்டுக்குள் வந்தது. பழைய வானொலி ‘இனிமையாக’ இருந்தது என்று பெருமூச்சு விடுகிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அவர்களுக்கு ட்ரெபிள் குமிழை முழுதாகக் குறைத்துவைத்தால் அதே இனிமை கிடைக்கும்.

இனி எங்கள் வீட்டில் கண்டுபிடித்தவை. பெரியது எது என்றால், மேலே எதுவும் கூடியிருக்கவில்லை, கீழே குறைந்திருந்தது.

சுவருக்கு வர்ணம் பூசியபோது ஸ்பீக்கர்களைக் கழற்றினோம். திரும்ப இணைத்துக் கொடுத்தவர் ஒரு பெட்டியில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தது. நூறு ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் மூன்றரை மீற்றர். அவ்வளவு நீளமான அலைகள் இரண்டு பெட்டியிலிருந்தும் எதிரெதிராகப் புறப்பட்டால் ஒன்றையொன்று விழுங்கிவிடும். 7,000 ஹேர்ட்ஸில் அலைநீளம் ஐந்து சென்ரிமீற்றர்தான். அது அப்படி ஒழுங்காக விழுங்கப்படாது. மிருதங்கத்தின் தொப்பி போய்விட, தம்புராவின் அடி நாதம் போய்விட, சீறல் மட்டும் தனியாக நின்றது. மருமகன் கேட்டது இதைத்தான். ட்வீட்டர் மேல் பழி விழுந்தது.

மத்திய வீதியில் வானொலி திருத்தும் ஒரு பெரியவர் இருக்கிறார். செட்டைப் பார்க்காமலே, நான் சொன்னதைக் கேட்டு, “ரீச்சர், செய்தி வாசிக்கிறவர் எங்கே நிற்கிறார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. ஒற்றைக் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவில், சுட்டிக்காட்டக்கூடிய ஓர் இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் அவர் கூடமெங்கும் கரைந்துபோயிருந்தார். ஒரு பெட்டியின் பின்புறத்தில் மட்டும் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். செய்தியாளர் நடுவுக்கு வந்து நின்றார், மிருதங்கம் திரும்பி வந்தது. பெட்டிக்குள்ளேயே இணைப்பு மாறியிருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், அம்பிளிபயரிலிருந்து வயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பற்றரியை அதன் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். நேர்முனை சிவப்பில் பட்டால் வூஃபரின் கூம்பு முன்னே வர வேண்டும். இரண்டு பெட்டியிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

வயரைத் தொட்ட கையோடு அதன் நுனியையும் பார்த்தேன். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த ஊரில் செப்பு எவ்வளவு காலம் செப்பாக இருக்கும்? பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. ஓரங்குலம் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தோலுரித்துப் பூட்டினோம். விலை உயர்ந்த வயர் தேவையில்லை என்று நான் சொல்வது இதற்காகத்தான்: அதுவும் இங்கே வந்தால் உப்புக்காற்றில்தான் கிடக்கப் போகிறது. அம்பிளிபயருக்குள் இருக்கும் ரிலே என்ற ஆளியின் தொடுமுனைகளும் இதே உப்பைத் தின்பவை. ஒரு பக்கம் மட்டும் கரகரத்து, ஒலியை உயர்த்தினால் தெளிவாகிறது என்றால் அங்கேதான் தேட வேண்டும். அந்த வேலையைப் பெரியவரிடம் விட்டுவிடுங்கள்.

பாதி நோய் இதோடு தீர்ந்தது. மீதி கூடத்தில் இருந்தது.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரையை உடைத்து டைல் போட்டதால்தான் என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மெழுகிப் பளபளத்த சீமெந்தும் டைலும் சத்தத்துக்கு ஒரே கல்தான். மாறியது ஜன்னல். முன்பு மரக் கதவுள்ள பெரிய ஜன்னல்கள். இரவு படுக்கும்வரை திறந்தே இருக்கும். இப்போது அலுமினியச் சட்டத்தில் சறுக்கும் கண்ணாடி. வைகாசி பிறந்து கச்சான் காற்று எழுந்தால், மேற்கே மலையில் மழையை இறக்கிவிட்டு வெறும் வெக்கையும் புழுதியுமாக வரும் அந்தக் காற்றுக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். செட் கொடூரமாகக் கேட்டதும் அந்த மாதங்களில்தான்.

திறந்த ஜன்னலைப் போல ஒலியை முழுமையாக விழுங்குவது எதுவுமில்லை. வெளியே போனது திரும்பி வராது. வாலஸ் சபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1895ஆம் ஆண்டு ஹார்வர்டின் ஃபாக் விரிவுரை மண்டபத்தில் எதிரொலியைக் குறைக்கப் பணிக்கப்பட்டபோது, பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து அடுக்கி, ஓர் ஓர்கன் குழாயை ஊதி, சத்தம் அடங்க எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் அளந்தார். பின்னர் எல்லாப் பொருளின் உறிஞ்சும் திறனையும் எவ்வளவு பரப்புள்ள திறந்த ஜன்னலுக்குச் சமம் என்றுதான் கணக்கிட்டார். எங்கள் பாட்டனார்கள் வீட்டைச் சுற்றி ஜன்னல் வைத்தது காற்றுக்காகத்தான். இசைக்கும் அதுவே வாய்த்திருந்தது.

கச்சானில் ஜன்னலைத் திறக்க முடியாதே? அங்கேதான் சபைனின் மெத்தை. பாவிக்காமல் கிடந்த பழைய தும்பு மெத்தைகளை மெல்லிய சேலையால் சுற்றி, பக்கச் சுவர்களில் சாய்த்து வைத்தேன். எங்கே சாய்ப்பது என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நான் கதிரையில் இருக்க, மாணவி கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்திக்கொண்டே போனாள்; கண்ணாடிக்குள் எனக்கு ட்வீட்டர் தெரிந்த இடம்தான் முதல் எதிரொலி புறப்படும் இடம். நாலங்குலத் தும்பு மெத்தை சீறலை மட்டுமன்றி அதற்குக் கீழே உள்ள பகுதியையும் உறிஞ்சும். மெல்லிய திரைச்சீலை உச்சியை மட்டும்தான் தொடும். அதை நாலு பக்கமும் தொங்கவிட்டுவிட்டு “இப்போது பாட்டு மூடிய பானைக்குள் இருந்து வருகிறது” என்று சொன்ன வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்பீக்கர்களுக்கு நடுவே, பரிசுக் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலுமாரி ஒன்றிருந்தது. அதை நகர்த்தச் சொன்னதற்குத்தான் வீட்டில் பெரிய எதிர்ப்பு, கோப்பைகள் மருமகனுடையவை அல்ல, இவருடையவை. மேல் ஸட்ஜம் வரும்போது ஒரு கோப்பை தானும் சேர்ந்து பாடியதைக் காட்டிய பிறகு அலுமாரி சாப்பாட்டு அறைக்குப் போனது.

பெட்டிகளின் திசையிலும் நிறைய இருக்கிறது. ட்வீட்டர் நேரே முகத்தைப் பார்த்தால் உச்ச ஒலி முழுதாக வந்து சேரும். சற்று வெளியே திருப்பினால் மேல் மீடிறன்கள் முதலில் குறையும், குரலின் உடம்பு அப்படியே நிற்கும். தம்புராவில் ஜீவாளி நூலை மயிரிழை நகர்த்துவதைப் போல இதைச் செய்ய வேண்டும்: ஒருவர் நகர்த்த ஒருவர் கேட்க, சிறிது சிறிதாக. எங்கள் பெட்டிகள் இப்போது என் காதுகளைப் பார்க்கவில்லை. என் தலைக்குப் பின்னால் வெகு தூரத்தில் எங்கோ பார்க்கின்றன. உயரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கதிரையில் இருப்பவரின் காது தரையிலிருந்து மூன்றடியை ஒட்டி இருக்கும். ட்வீட்டரும் அந்த உயரத்தை அண்டி இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில ஒலிப்பதிவுகள் சீறின. அவற்றின் பாவம் அவற்றோடு. அப்பாவின் கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுத்த கடையில், இரைச்சலைக் குறைக்கும் டொல்பி முறையில் பதிந்தவற்றை டொல்பியை இயக்காமல் ஓடவிட்டிருக்கிறார்கள். டொல்பி ‘பி’ பதியும்போது மெல்லிய உச்ச ஒலிகளைப் பத்து டெசிபல் வரை தூக்கிவைக்கும். திரும்ப ஓட்டும்போது அதை இறக்க வேண்டும், இரைச்சலும் அதோடு இறங்கும். இறக்காவிட்டால் தூக்கியது தூக்கியபடியே நிற்கும். 1980களின் தொடக்கத்தில் வந்த சில குறுந்தட்டுகளிலும் இப்படி ஒரு தூக்கல் உண்டு. தட்டிலுள்ள குறியைப் பார்த்துப் பிளேயர் தானே இறக்கிவிடும். கணினியில் பிரதியெடுக்கும்போது அந்தக் குறி கவனிக்கப்படாவிட்டால் 10,000 ஹேர்ட்ஸில் ஏழு டெசிபலுக்கு மேல் கூடிவிடும். ஒரே தட்டு பிளேயரில் சாதுவாகவும் கணினியில் சீறியும் கேட்டால் சந்தேகப்படலாம்.

128 கிலோபிட் எம்பி3 கோப்புகளைப் பற்றி என்ன சொல்ல? குறுந்தட்டில் ஒரு வினாடிக்கு 1,411 கிலோபிட். ‘ஸ’ என்பது இரைச்சலைப் போன்ற ஒலி. சுருக்கி எழுதுவதற்குக் கடினமானது. அதனால் அது முதலில் கெட்டு, சீறலுக்குப் பதிலாகச் சலசலவென்று தண்ணீர் ஓடும். இதற்கு மெத்தையும் இல்லை, வயரும் இல்லை. வேறு பிரதி தேடுங்கள்.

அம்பிளிபயரின் ட்ரெபிள் குமிழை நான் கடைசியில்தான் தொட்டேன். அது மேல் மீடிறன்களையெல்லாம் சேர்த்து இறக்கும். சீறலோடு கஞ்சிராவின் சலங்கையும் போய்விடும். தொலைபேசியிலிருந்து பாடவிடுகிறவர்களுக்குச் சமனாக்கி (ஈக்குவலைசர்) இருக்கிறதே, அதில் 6,000க்கும் 8,000க்கும் இடையே இரண்டு மூன்று டெசிபல் இறக்கிப் பார்ப்பது மேல். என் காதுக்கு அது போதும். இவருக்கு வயதின் காரணமாக 8,000க்கு மேலே அவ்வளவாகக் கேட்பதில்லை. இறக்கியதும் தெரியாது, ஏற்றியதும் தெரியாது. கேட்டால், எல்லாம் எப்போதும் நன்றாகத்தான் இருந்தது என்பார்.

மருமகன் இன்னும் சமாதானமாகவில்லை. அடுத்த விடுமுறையில் ட்வீட்டருக்குப் போகும் பாதையில் ஒரு ஓம், ஐந்து வாற்றுத் தடையி ஒன்றைத் தொடராகப் போட வேண்டும் என்கிறான். எட்டு ஓம் ட்வீட்டருக்கு அது ஒரு டெசிபல் குறைக்கும். சிறியது, ஆனால் மணிக்கணக்காகக் கேட்கிறவருக்குத் தெரியும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் பிரிப்புச் சுற்றில், ட்வீட்டர் கிளைக்கு முன்னால்தான் போட வேண்டும், சுற்றுக்கும் ட்வீட்டருக்கும் இடையில் போட்டால் பிரியும் மீடிறனே நகர்ந்துவிடும். போடட்டும். ஆனால் முதலில் ஒரு பெட்டியில் மட்டும். மற்றதைத் தொடாமல் வைத்து, ஒற்றைக் குரலை இரண்டுக்கும் மாறி மாறி அனுப்பிக் கேட்ட பிறகுதான் அடுத்த பெட்டியின் ஆணியைக் கழற்ற விடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.